சாரலுக்கு முன்னே பீரோவைத் திறங்கள்!

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் ஆனியும் ஆடியும் வந்தால் காற்று அடிக்கும், புழுதி பறக்கும். தென்காசிப் பக்கத்தில் அது சாரல் மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்ததும் குற்றாலத்தில் அருவிகள் கொட்டத் தொடங்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்க வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். அதே நாட்களில் உள்ளூர் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காய்ந்திருக்காது. பீரோவைத் திறந்தால் ஈர வாடை அடிக்கும். அடியில் இருக்கும் பட்டுச்சேலையை உருவினால் மடிப்பு ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும்.

சாரல்தான் காரணம் என்று அதன் மேல் பழி போட்டுவிடுகிறோம். பீரோவில் காற்று புக இடமில்லாமல் அடைத்து வைத்தது யார்? உடுத்தாத துணிகள்தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் குறைப்பதைப் பற்றியும், அதில் விலை போகக்கூடியவற்றை இணையத்தில் விற்பதைப் பற்றியும் இந்த வாரம் பேசலாம். ‘பழைய துணியைப் போய் விற்பதா?’ என்று நினைப்பவர்களும் கடைசிவரை படியுங்கள். விற்பதா, கொடுப்பதா என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பூட்டி வைத்தால் பத்திரமா?

‘இருக்கட்டும், என்றைக்காவது உதவும்’ என்பது நம் வீடுகளில் நிரந்தரமான வாக்கியம். அரிசிக்கும் பருப்புக்கும் அது பொருந்தும். துணிக்குப் பொருந்தாது. பட்டும் பருத்தியும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இழைகள். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்தால் மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இற்றுப்போகும், ஜரிகை கறுக்கும். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை விரட்டாது. அதையும் ஜரிகையில் படும்படி போட்டால் வேறு வம்பு.

ஆக, ஐந்து வருடமாக உடுத்தாத சேலை அங்கே பத்திரமாக இல்லை. ஒவ்வொரு சாரலுக்கும் அதன் ஆயுள் கொஞ்சம் குறைகிறது. இன்று 2,000 ரூபாய்க்கு யாரோ ஒருவர் ஆசையாக வாங்கிக்கொள்ளக்கூடிய சேலை, இன்னும் மூன்று சாரல் கழிந்தால் தலையணை உறைக்குக்கூட ஆகாமல் போகலாம். துணி நன்றாக இருக்கும்போதே அது உடுத்துகிறவர் கைக்குப் போய்விட வேண்டும். நான் சொல்லவருவது இவ்வளவுதான். அந்தக் கை மகளுடையதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையதாக இருக்கலாம், பெங்களூரில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுடையதாகவும் இருக்கலாம்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. வெயில் இருக்கும்போதே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பட்டை நிழலிலும், பருத்தியை இளவெயிலிலும் உலர்த்துங்கள். உலர்த்தும்போதே பிரித்துவிடலாம்.

நான்கு குவியல்

கட்டிலில் நான்கு குவியல் போடுங்கள். முதலாவது, போன ஒரு வருடத்தில் உடுத்தியவை. இவை திரும்ப பீரோவுக்குள் போகும். இரண்டாவது, உடுத்தவில்லை, ஆனால் விற்கவும் மனம் வராது என்பவை. முகூர்த்தப் பட்டு, அம்மாவின் சேலை, பிள்ளை முதன்முதலாகப் போட்ட சட்டை. இவற்றுக்கு ஒரே ஒரு தட்டு ஒதுக்குங்கள். அந்தத் தட்டு நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்த பிறகே இன்னொன்றை வைக்க வேண்டும். மூன்றாவது, கிழிசலும் கறையும் இல்லாத, நமக்குப் பயன்படாத துணிகள். விற்பதும் கொடுப்பதும் இதிலிருந்துதான். நான்காவது, நைந்தவை. கைப்பிடித் துணி, மிதியடி, தரை துடைக்கும் துணி என்று வீட்டிலேயே முடிய வேண்டியவை.

மூன்றாவது குவியலில்தான் நம் ஊர் வாழ்க்கை முழுவதும் இருக்கும். கல்யாண வீட்டில் வைத்துக்கொடுத்த, பிரிக்கவே பிரிக்காத சேலைகள். ஊரைச் சுற்றி வந்து மறுபடியும் நம் வீட்டுக்கே வந்து சேர்ந்த ரவிக்கைத் துண்டுகள். கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தில் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் ஆள் இல்லாத தெரு குறைவு. அங்கிருந்து அளவு தெரியாமல் வாங்கி வந்த பிள்ளைகளின் உடுப்புகளும் இங்கே கிடக்கும். ஒரே ஒரு வரவேற்புக்குப் போட்ட லெஹங்கா இருக்கும். ‘இளைச்சதும் போட்டுக்கிடலாம்’ என்று எடுத்து வைத்த சுடிதார் கட்டாயம் இருக்கும். அதை உடனே விற்றுவிடுங்கள். இளைத்தால் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்!

‘அடுத்தவ கட்டுனதையா வாங்குவாளுவ?’

வீட்டில் பெரியவர்களிடம் சொன்னதும் முதலில் வரும் கேள்வி இதுதான். “ஏட்டி, அடுத்தவ கட்டுன சேலையைக் காசு குடுத்து வாங்குவாளுவளா? யாராவது கேட்டா என்ன சொல்லுவாவ?”

பழைய துணிக்கு விலை உண்டு என்பது நம் தெருக்களுக்குப் புதிதில்லை. பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரமும் பிளாஸ்டிக் வாளியும் கொடுத்துவிட்டுப் போகும் வியாபாரிகள் வாசலுக்கே வந்திருக்கிறார்கள். மும்பை, தில்லி, ஆமதாபாத் நகரங்களில் வாக்ரி சமூகத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறார்கள். வீடு வீடாகப் போய்த் துணியை வாங்கி, துவைத்து, கிழிசலைத் தைத்து, தேய்த்து, சந்தையில் விற்கிறார்கள். அந்த வியாபாரம்தான் இப்போது போனுக்குள் வந்திருக்கிறது.

வந்த வழியும் சுவையானது. 2008-ல் லிதுவேனியா நாட்டின் வில்னியஸ் நகரில் மில்டா மிட்குடே என்ற பெண் வீடு மாறினார். பார்த்தால் தேவைக்கு மேல் துணி. அதைக் கைமாற்ற வழி தேடி, நண்பர் ஜஸ்டஸ் யனாஸ்கஸுடன் சேர்ந்து ஓர் இணையதளம் தொடங்கினார். அதுதான் ‘விண்டட்’. இன்று ஐரோப்பாவில் பழைய துணி விற்கும் பெரிய தளங்களில் ஒன்று அது. மனிஷ் சந்திரா என்ற இந்திய வம்சாவளிக்காரர் அமெரிக்காவில் தொடங்கிய ‘போஷ்மார்க்’ 2021-ல் இந்தியாவுக்கும் வந்தது. 2023-ல் இங்கே கடையைக் கட்டிவிட்டது. இப்போது இங்கே பெண்கள் பெரும்பாலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஓஎல்எக்ஸ், இன்ஸ்டாகிராம் பக்கங்கள், சேலைக்கென்றே இருக்கும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான் விற்கிறார்கள். எந்தத் தளமும் நாளைக்கு மூடப்படலாம். அதனால் ஒரே இடத்தை நம்பாமல், படங்களையும் விவரங்களையும் உங்கள் போனில் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எது விலை போகும்?

சேலைக்குத்தான் முதல் மரியாதை. காரணம் எளிது, அதற்கு அளவு கிடையாது. கைத்தறிப் பருத்தி, சில்க் காட்டன், காஞ்சிபுரம், ஆரணிப் பட்டு, செட்டிநாட்டுக் கண்டாங்கி, சுங்குடி என்று பெயர் சொல்லக்கூடிய சேலைகளைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு. அடுத்து, பெண் குழந்தைகளின் பட்டுப்பாவாடை. ஆறு மாதத்தில் அளவு போய்விடுவதால் நிறைய புதிதுபோலவே இருக்கும். லெஹங்கா, கவுன் வகைகளும் போகும்.

எளிதில் விலை போகாதவை தைத்த ஜாக்கெட்டுகள். ஆரி வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்போம், ஆனால் அது நம் உடம்புக்கு வெட்டியது. சேலையோடு சேர்த்துக் கொடுத்தால் சேலைக்கு மதிப்புக் கூடும். தினசரி போட்ட நைட்டி, லெக்கிங்ஸ், வெளுத்த சட்டை ஆகியவற்றைத் தனித்தனியாக விற்கப் பார்த்தால் நேரம்தான் வீண். உள்ளாடைகளை விற்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பழைய பட்டுச்சேலையை வாசலில் வந்து கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அவர் வாங்குவது சேலைக்காக இல்லை, ஜரிகைக்காக. அந்தக் காலத்து அசல் ஜரிகையில் எடையில் பாதிக்கும் மேல் வெள்ளி இருக்கும், அதன் மேல் மெல்லிய தங்கப்பூச்சு இருக்கும். ஓரத்தில் ஒரு ஜரிகை இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தால் அது அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் தெரிந்த பட்டுக் கடையில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். வெள்ளி விற்கிற விலையில், நைந்த சேலை என்று நாம் நினைப்பது நல்ல தொகைக்குப் போகலாம்.

படம், அளவு, குறை

துவைக்காத துணியை விற்பனைக்கு வைக்கக் கூடாது. துவைத்து, தேய்த்து, காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக வைத்துப் படம் எடுங்கள். பளிச்சென்று விளக்குப் போட்டு எடுத்தால் நிறம் மாறித் தெரியும். ‘படத்தில் பார்த்தது மெரூன், வந்தது செங்கல் கலர்’ என்று சண்டை வரும். சேலைக்கு ஐந்து படம் போதும்: முழுச்சேலை, பார்டர், முந்தானை, உடல் பகுதி நெருக்கமாக, குறை இருக்கும் இடம்.

அந்த ஐந்தாவது படம்தான் முக்கியம். சின்னக் கறையோ, இழுபட்ட நூலோ, எடுத்துக் கட்டிய பால்ஸோ எதுவானாலும் காட்டிவிடுங்கள். முகம் தெரியாத ஒருவர் நம்மிடம் வாங்குவது நம் வார்த்தையை நம்பித்தான். குறையைச் சொல்லி விற்ற சேலை திரும்பி வராது, வாங்கியவர் அடுத்த முறையும் உங்களிடம்தான் கேட்பார்.

விவரத்தில் சேலையின் நீளம், ஜாக்கெட் துணி சேர்ந்திருக்கிறதா, எத்தனை முறை கட்டியது, எப்படித் துவைப்பது என்று எழுதுங்கள். சுடிதாருக்கு ‘எக்ஸ்எல்’ என்று மட்டும் போட்டால் பயனில்லை, ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு வேறு. துணியைத் தரையில் விரித்து, மார்புச் சுற்று, உயரம், கை நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து இஞ்சில் போடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

900 ரூபாய்க்கு எடுத்த குர்தியை 250 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கவர், தபால் செலவு 80 ரூபாய் போனால் கையில் 170. படம் எடுத்து, பத்துப் பேருக்குப் பதில் சொல்லி, தபால் நிலையம் போய் வந்த நேரத்தைச் சேர்த்தால் ஒற்றைக் குர்திக்கு இது கட்டாது. அதனால் ஒரே அளவில் நான்கைந்து குர்தியைச் சேர்த்து ஒரே கட்டாக விற்றுவிடுங்கள். தபால் செலவு ஒன்றுதான். பிள்ளைகளின் உடுப்புகளையும் ‘4 வயதுப் பையனுக்கு, 8 உருப்படி’ என்று கட்டாகப் போட்டால் வாங்குபவருக்கும் லாபம்.

பழைய துணிக்கு விலை வைக்கும்போது, நாம் வாங்கிய விலையை மறந்துவிட வேண்டும். ‘3,500-க்கு எடுத்தது’ என்பது நம் மனக்கணக்கு. வாங்குபவருக்கு அதனால் ஒன்றுமில்லை. அதே மாதிரி புதுச் சேலை இன்று கடையில் என்ன விலை என்று பாருங்கள். இரண்டு, மூன்று முறை கட்டிய நல்ல சேலைக்கு அதில் பாதிக்குள் வைத்தால் நகரும். சாதாரணத் துணிக்கு மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று இறங்கத்தான் வேண்டும். தபால் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

அனுப்பும்போது, துணியை முதலில் பாலிதீன் உறைக்குள் போட்டு, அதன் மேல் கெட்டியான கவர் போடுங்கள். சாரல் காலத்தில் இது கட்டாயம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் பார்சல் எங்கே போகிறது என்று இருவருமே பார்த்துக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் உள்ளே என்ன வைத்தீர்கள் என்று ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏமாறாமல் இருக்க…

சின்ன ஊரில் இருந்து விற்கும் பெண்களுக்கு இரண்டு பயம். ஒன்று, சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்பது. அது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. நம் பொருளை நாம் விற்கிறோம். அவ்வளவு கூச்சமாக இருந்தால் வெளியூர்க் குழுக்களில் மட்டும் போடலாம்.

இரண்டாவது பயம் நியாயமானது. அதற்குச் சில விதிகள்:

துணியை நீங்கள் உடுத்திக்கொண்டு எடுத்த படத்தைப் போடாதீர்கள். ஹேங்கரில் மாட்டியோ, விரித்தோ எடுத்த படம் போதும். ‘கட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்பவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் பிளாக் செய்துவிடுங்கள்.

படத்தில் பிள்ளைகள், வீட்டு வாசல், கதவு எண் எதுவும் தெரிய வேண்டாம். வாங்குபவரை வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். உள்ளூர் ஆள் என்றால் ஆள் நடமாட்டம் உள்ள பொது இடத்தில், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

பணம் வந்து சேர்ந்ததை வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே பார்சலை அனுப்புங்கள். ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

‘இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் எண் போட்டால் நம் கணக்கில் இருந்துதான் பணம் போகும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, பேரமே பேசாமல் கேட்ட விலையைத் தருகிறேன் என்று வருபவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு.

விற்காமல் மிஞ்சியது?

எவ்வளவு திறமையாக விற்றாலும் பாதிக் குவியல் மிஞ்சும். ‘யாருக்காவது கொடுத்துவிடலாம்’ என்று மூட்டை கட்டுவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரை கிராமங்களுக்கு நாடெங்கிலும் இருந்து பழைய துணி குவிந்தது. கிழிந்ததும் அழுக்கானதும் அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தவே முடியாத வகைகளும் அதில் கலந்திருந்தன. தேவைப்படாத துணி சாலையோரங்களில் மலைபோலக் கிடந்து மழையில் நனைந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களுக்கும் மானம் உண்டு என்பதை அந்தக் குவியல்கள் ஊருக்குச் சொல்லின. அன்ஷு குப்தா 1999-ல் 67 துணிகளோடு தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, அப்படிக் கிடந்தவற்றை எடுத்துப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையைச் செய்தது. உடுத்தக்கூடியதை உடுப்பாகவும், மற்றதைப் படுக்கை விரிப்பாகவும், பெண்களுக்கான மாதவிடாய்த் துணியாகவும் மாற்றுவது அவர்கள் வழி. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். அதற்கு முன்பே நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ‘அன்புச் சுவர்’ வைத்தார்கள். தேவையில்லாததை வைத்துவிட்டுப் போகலாம், தேவைப்படுபவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஈரான் நாட்டின் மஷாத் நகரில் 2015 குளிர்காலத்தில் தொடங்கி உலகம் சுற்றிய யோசனை அது. கேட்க வேண்டிய கூச்சம் இல்லை என்பதுதான் அதன் அழகு. நம் தெருவிலோ, பள்ளிக்கூடத்திலோ நாலு பேர் சேர்ந்தால் அப்படி ஓர் அலமாரி வைப்பது பெரிய காரியமில்லை.

செய்யக் கூடாத ஒன்றும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தென்காசியில் இருந்து கடையம் வழியாகப் பாபநாசம் போனால் தாமிரபரணிப் படித்துறை. பரிகாரம் என்று குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் இறங்கி இறங்கி எடுக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி சேர்ந்துவிடுகிறது. பாலியஸ்டர் துணி ஆற்றில் மக்காது. கல்லிடுக்கிலும் மணலிலும் சிக்கிக் கிடக்கும். நமக்கு வேண்டாத துணி யாரோ ஒருவரின் குடிநீரில் கிடக்கக் கூடாது.

அதனால் கொடுப்பதற்கும் விற்பதற்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள். துவைத்து, பட்டன் தைத்து, தேய்த்துக் கொடுங்கள். ‘இதை என் தங்கைக்குக் கொடுப்பேனா?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் அது நான்காவது குவியலுக்குப் போக வேண்டிய துணி.

ஒரு நோட்டுப் போடுங்கள்

விற்கத் தொடங்கியதும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள்: என்ன துணி, எப்போது எடுத்தது, என்ன விலை, எத்தனை முறை உடுத்தினேன், என்ன விலைக்குப் போனது. பத்து வரி எழுதியதும் உங்களுக்கே சில விஷயம் பிடிபடும். யாரோ கட்டியதைப் பார்த்து எடுத்த சேலைகள் எத்தனை, தள்ளுபடி என்பதற்காகவே எடுத்தவை எத்தனை, உண்மையில் பிடித்து எடுத்தவை எத்தனை என்று தெரிந்துவிடும். விற்ற பணத்தையும் வீட்டுச் செலவோடு கலக்காமல், உங்கள் பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள். சிறிய தொகைதான். ஆனால் அது உங்கள் பீரோவில் இருந்து வந்த உங்கள் பணம்.

சாரலும் ஆடித் தள்ளுபடியும் ஒரே மாதத்தில் வருவது நம் பக்கத்துப் பெண்களுக்கு நேரும் சோதனை. பீரோவில் ஈரம் ஏறுகிற அதே நாட்களில்தான் ‘ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்’ என்று கடைகள் கூப்பிடும். போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நானும் போவேன். கிளம்புவதற்கு முன் அந்த நோட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போங்கள். ஒரு சேலை வெளியே போன பிறகு ஒரு சேலை உள்ளே வரட்டும்.